போன்ல கேக்கற ஹெட்ஃபோனுக்கு தனியா ஆம்ப் வேணுமா? மிருதங்கத்தோட தொப்பி சத்தமே வர மாட்டேங்குது

தம்புரா_ரசிகன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

என்கிட்ட சின்னதா ஒரு ஆன்-இயர் ஹெட்ஃபோன் இருக்கு, காது மேல உக்கார்ற டைப், வயர் உள்ளது, மடிச்சு பையில போட்டுக்கலாம், ஏழு வருஷமா அதுலதான் எல்லாமே கேக்கறேன். இப்ப இருக்கற போன்ல ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது, அதனால யூஎஸ்பி-சி டாங்கிள் மாட்டி அதுல சொருகி கேக்கறேன். கேக்கறது பெரும்பாலும் பழைய கச்சேரி ரெக்கார்டிங், நடுநடுவுல புது சினிமா பாட்டு.

பிரச்சனை என்னன்னா கொஞ்ச மாசமாவே சத்தம் மெலிஞ்சு போன மாதிரி இருக்கு. மிருதங்கத்துல வலந்தலை "நம்" "தின்" எல்லாம் பளிச்சுன்னு கேக்குது, ஆனா தொப்பியில (இடது பக்கத் தோல்) வர்ற அந்த "தொம்" இருக்கே, வயித்துல வந்து இடிக்கிற மாதிரி இருக்கும், அது இப்ப வெறும் அட்டைப்பெட்டியை தட்டற மாதிரி ஆயிடுச்சு. தம்புராவோட மந்தர தந்தியும் அதே கதைதான், கூர்ந்து கேட்டாத்தான் இருக்குன்னே தெரியுது. இன்னொண்ணு, கச்சேரி ரெக்கார்டிங்குக்கு வால்யூமை கிட்டத்தட்ட முழுசா வைக்க வேண்டியிருக்கு, சினிமா பாட்டுக்கு பாதி போதும்.

தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட சொன்னேன், "டாங்கிளுக்கு சக்தி பத்தல, போர்ட்டபிள் ஆம்ப் ஒண்ணு வாங்கு, ஹெட்ஃபோன் அப்படியே திறந்துக்கும்"னார். இன்னொருத்தர் "இதை தூக்கி போட்டுட்டு 250 ஓம் ஹெட்ஃபோன் வாங்கு, ஓம் ஜாஸ்தியா இருந்தா குவாலிட்டியும் ஜாஸ்தி"ங்கறார். ரெண்டும் சேர்த்து வாங்கற அளவுக்கு என்னால முடியாது, ஏதாவது ஒண்ணுதான். எதை முதல்ல வாங்கட்டும்? ஆம்ப் போட்டா அந்த தொப்பி சத்தம் திரும்ப வருமா?

—

வயர்_பிரியை:

வணக்கம், வாங்க வாங்க. எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஏழு வருஷ ஹெட்ஃபோன்னு சொல்றீங்களே, அந்த நுரை பேட் மாத்தினீங்களா? இல்ல ஏழு வருஷமும் அதே பேட்தானா?

இப்பவே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. நல்லா தெரிஞ்ச ஒரு தனி ஆவர்த்தனத்தை போடுங்க, ஹெட்ஃபோனை எப்பவும் போல மாட்டிக்கோங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு விரலால லேசா காதோட சேர்த்து அழுத்துங்க. ரொம்ப அழுத்த வேணாம், ஒரு கதவு தாழ்ப்பாளை தள்ளற அளவுக்கு போதும். தொப்பி சத்தம் சட்டுன்னு திரும்ப வந்துச்சுன்னா உங்க பிரச்சனை ஆம்பும் இல்ல ஓமும் இல்ல, காதுக்கும் டிரைவருக்கும் (ஹெட்ஃபோன் உள்ள இருக்கற சின்ன ஸ்பீக்கர்) நடுவுல இருக்கற இடைவெளி. இந்த மாதிரி சின்ன ஹெட்ஃபோன்ல பேஸ் முழுக்க அந்த ஒட்டுதலை நம்பித்தான் இருக்கு. கொஞ்சம் காத்து ஒழுகினா முதல்ல ஓடிப் போறது கீழ் ஸ்தாயிதான், மேல் சத்தம் அப்படியே நிக்கும். நீங்க சொல்ற அறிகுறி அச்சு அசலா அதுதான்.

கண்ணாடி போடுவீங்களா? போடுவீங்கன்னா அதைக் கழட்டிட்டும் ஒரு தடவை கேளுங்க.

—

சால்டர்_கை:

மேல சொன்னதை முதல்ல பண்ணுங்க தம்பி, அதுதான் சரியான ஆரம்பம். நான் அந்த ஓம் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா இந்த "ஓம் ஜாஸ்தின்னா நல்ல ஹெட்ஃபோன்"ங்கற பேச்சு இருபது வருஷமா ஊர் சுத்திட்டு இருக்கு, அதை நம்பி தப்பான சாமான் வாங்கினவங்க ரொம்ப பேர்.

ஓம்ங்கறது ஹெட்ஃபோன் கரண்டுக்கு எவ்வளவு தடை கொடுக்குதுன்னு சொல்ற நம்பர், அவ்வளவுதான். எவ்வளவு சத்தம் வரும்னு தெரியணும்னா அதோட சென்சிட்டிவிட்டியும், அதாவது குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தா எவ்வளவு சத்தம் போடுதுங்கற நம்பரும் சேர்த்து பாக்கணும். ஒரே மாடலை வச்சு கணக்கு போட்டா நல்லா புரியும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோன்னு ஒரு மூடின ஹெட்ஃபோன், ஸ்டுடியோவுல நிறைய பாக்கலாம், அது 32 ஓம், 80 ஓம், 250 ஓம்னு மூணு விதமா வந்திருக்கு. சென்சிட்டிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு சுமார் 96 டெசிபல்னு வச்சுப்போம். டாங்கிள் அதிகபட்சம் ஒரு வோல்ட் கொடுக்குதுன்னு வச்சுப்போம். அந்த ஒரு வோல்ட்ல 250 ஓமுக்கு போறது 4 மில்லிவாட், அதாவது 102 டெசிபல். 80 ஓமுக்கு 12.5 மில்லிவாட், 107 டெசிபல். 32 ஓமுக்கு 31 மில்லிவாட், 111 டெசிபல். பாத்தீங்களா, அதே போன், அதே டாங்கிள், ஓம் ஏற ஏற சத்தம் குறையுது. போன்ல கேக்கற ஆளு 250 ஓம் வாங்கினா தனக்குத்தானே ஆம்ப் செலவை இழுத்து விட்டுக்கறார்னு அர்த்தம்.

இதுக்கு எதிர்ப்பக்கம் காஸ் போர்ட்டா ப்ரோ. 1984ல வந்த டிசைன், இன்னிக்கும் அதே மாதிரி செஞ்சுட்டு இருக்காங்க. 60 ஓம், மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். அதே ஒரு வோல்ட்ல 113 டெசிபல் போகும். வாக்மேன் காலத்து சாமான், ரெண்டு சின்ன பேட்டரியில ஓடற டேப் பிளேயருக்கே போதணும்னு கணக்கு பண்ணி செஞ்சது, அதுக்கு எதுக்கு ஆம்ப்?

சரி, 102 டெசிபல் பத்தாதான்னு கேப்பீங்க. அங்கதான் உங்க கச்சேரி ரெக்கார்டிங் வருது. அந்த 102ங்கறது ஃபைல்ல இருக்கற உச்சத்துக்கு. புது சினிமா பாட்டை மாஸ்டரிங் பண்ணும்போது சத்தத்தை நெருக்கி நெருக்கி உச்சத்துக்கு பக்கத்துலயே நிறுத்திடறாங்க, அதனால பாதி வால்யூம்லயே காது நிறைஞ்சுடும். பழைய கச்சேரியில பாடகர் மெதுவா ஆலாபனை பண்ற இடத்துக்கும் தனியில மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கிற இடத்துக்கும் 20 டெசிபலுக்கு மேல வித்தியாசம் இருக்கும், ஃபைலே மொத்தமா தணிஞ்ச லெவல்ல இருக்கும். உங்க டாங்கிள் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யுது, வித்தியாசம் ரெக்கார்டிங்ல. அதனால "கச்சேரிக்கு வால்யூம் ஏத்த வேண்டியிருக்கு"ங்கறதை மட்டும் வச்சு டாங்கிள் பலவீனம்னு முடிவு பண்ணிடாதீங்க. முழு வால்யூம் வச்சும் சத்தம் பத்தலைன்னாதான் அது வேற விஷயம்.

—

காதோரம்:

சால்டர் அண்ணா சொன்ன கணக்கு சரிதான், ஆனா ஆம்ப்புக்கு வேலையே இல்லைன்னு யாரும் நினைச்சுட வேணாம். எனக்கு ஆம்ப் தேவைப்பட்டது எங்கேன்னு சொல்றேன், நான் ஈக்வலைசர் போட்டு கேக்கற ஆள். என் ஹெட்ஃபோன்ல கீழ் சத்தம் கொஞ்சம் கம்மி, அதனால 100 ஹெர்ட்ஸுக்கு கீழ 6 டெசிபல் ஏத்தி வச்சிருக்கேன். ஏத்தினா மட்டும் போதாது, மொத்த லெவலையும் அதே 6 டெசிபல் இறக்கணும், இல்லைன்னா உச்சத்துல சிக்னல் வெட்டுப்பட்டு மிருதங்க அடி ஒவ்வொண்ணும் கரகரன்னு உடையும். ஈக்வலைசர் ஆப்ல ப்ரீஆம்ப்னு ஒரு ஸ்லைடர் இருக்குமே, அதை மைனஸ்ல வைக்கறது இதுக்குத்தான். நிறைய பேர் அதைத் தொடறதே இல்ல, அப்புறம் ஹெட்ஃபோன் சரியில்லைங்கறாங்க.

இப்ப யோசிச்சு பாருங்க, ரெக்கார்டிங்கே தணிஞ்ச லெவல், அதுல இன்னும் 6 டெசிபல் இறக்கிட்டோம், ஹெட்ஃபோனும் சென்சிட்டிவிட்டி கம்மின்னா டாங்கிள் முழுசா போயும் சத்தம் பத்தாம போயிடும். அப்பதான் ஆம்ப் வாங்கினேன், வாங்கின அன்னிக்கே பிரச்சனை தீர்ந்துச்சு. பிளானர் ஹெட்ஃபோன்லயும் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து சத்தம் போடற ரகம்) இதே கதை வரும், ஓம் பாத்தா கம்மியாத்தான் இருக்கும், 30, 40ன்னு போட்டிருக்கும், ஆனா சில மாடல்ல சென்சிட்டிவிட்டி ரொம்ப கீழ. ஹைஃபைமேன் எச்ஈ-6ன்னு ஒண்ணு 50 ஓம்தான், ஆனா சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். போர்ட்டா ப்ரோவை விட 17 டெசிபலுக்கு மேல கம்மி, அதே சத்தம் வரணும்னா அம்பது மடங்குக்கு மேல பவர் வேணும். அதை டாங்கிள்ல சொருகினா பாவம், ஏதோ தூரத்துல ரேடியோ பாடற மாதிரி இருக்கும். ஆக ஓமை மட்டும் பாத்தாலும் ஏமாந்துடுவோம், சென்சிட்டிவிட்டியை மட்டும் பாத்தாலும் ஏமாந்துடுவோம்.

அந்த சென்சிட்டிவிட்டி நம்பர்லயும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனி மில்லிவாட்டுக்குன்னு போடுவாங்க, சில கம்பெனி வோல்ட்டுக்குன்னு போடுவாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது. 32 ஓம் ஹெட்ஃபோன்ல ரெண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம் வரும், 300 ஓம்ல 5 டெசிபல்தான். பெட்டியில பெரிய நம்பரா போட்டிருந்தா கீழ சின்ன எழுத்துல எதுக்குன்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க.

—

மெதுவா_கேளு:

"ஆம்ப் போட்டா ஹெட்ஃபோன் திறந்துக்கும்"னு சொன்னாங்களே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா அதை நம்பி நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணை வித்து ஆம்ப் வாங்கினவன் நான், இன்னிக்கு வரைக்கும் அந்த ஹெட்ஃபோனை நினைச்சா மனசு வலிக்கும்.

ஆம்ப் வந்த முதல் வாரம் சத்தியமா வித்தியாசம் தெரிஞ்சுது. பேஸ் தடிமனா, வீணையோட மீட்டு பக்கத்துல உக்காந்து கேக்கற மாதிரி. அப்புறம் ஒரு நாள் சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒண்ணை போட்டு, ஹெட்ஃபோன் சொருகின நிலையிலேயே ஆம்ப், டாங்கிள் ரெண்டுலயும் வோல்டேஜ் அளந்தேன் (1000 ஹெர்ட்ஸ் டோன் வேணாம், சாதாரண மீட்டர் அவ்வளவு மேல சரியா காட்டாது, 50, 60 பக்கம்னா நம்பலாம்). நான் எப்பவும் "ஒரே சத்தம்"னு நினைச்சு வச்சிருந்த இடத்துல ஆம்ப் பக்கம் கால் பங்கு கூடுதல் வோல்டேஜ், அதாவது கிட்டத்தட்ட 2 டெசிபல் ஜாஸ்தி. 2 டெசிபலை காது "சத்தம் கூடிருச்சு"ன்னு சொல்லாது, "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லும். சத்தம் ஏறினா கீழ் ஸ்தாயி நமக்கு இன்னும் வேகமா ஏறின மாதிரி கேக்கும், இதை ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே அளந்து காட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும் வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்குள்ள வர்ற மாதிரி வச்சுட்டு, எது எதுன்னு தெரியாம வீட்டுல ஒருத்தரை மாத்தி மாத்தி சொருகச் சொல்லி கேட்டேன். இருபது தடவை கேட்டும் என்னால பிரிச்சு சொல்ல முடியல.

அதனால ஆம்ப் வாங்கறதா இருந்தா சத்தம் பத்தலைன்னு வாங்குங்க, இல்ல டாங்கிள்ல இரைச்சல் வருதுன்னு வாங்குங்க, தப்பே இல்ல. போன தொப்பி சத்தம் வரும்னு நம்பி வாங்காதீங்க. காசு ஹெட்ஃபோன்ல போகட்டும். ரெண்டு ஹெட்ஃபோனுக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை குழந்தை கூட சொல்லிடும்.

—

காதோரம்:

மெதுவா சார் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். சத்தம் சமமா வச்சாலும் நிஜமாவே தொனி மாறற இடம் ஒண்ணு இருக்கு, அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் இல்ல டாங்கிளோட அவுட்புட் பக்கத்துலயே இருக்கற தடை, இதையும் ஓம்லதான் சொல்லுவாங்க. ஹெட்ஃபோனோட ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல அது இருக்கக் கூடாதுன்னு ஒரு வாய்ப்பாடு சொல்லுவாங்க. 32 ஓம் ஹெட்ஃபோன்னா 4 ஓமுக்குள்ள. பல ட்ரைவர் வச்ச இயர்போன்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதோட ஓம் ஒரே நம்பர்ல நிக்காது, ஸ்தாயிக்கு ஸ்தாயி ஏறும் இறங்கும்.

எட்டிமோட்டிக் ஈஆர்4 தெரியுமா, 1991ல வந்த இயர்போன். அதுல ஈஆர்4பின்னு 27 ஓம் மாடல், ஈஆர்4எஸ்னு 100 ஓம் மாடல். ரெண்டுக்கும் வித்தியாசம் முக்கியமா ஒரு ரெசிஸ்டர்தான். 27 ஓம் மாடலுக்கு 75 ஓம் அடாப்டர் ஒண்ணு மாட்டினா அது மத்ததா மாறிடும், சத்தம் குறையும், மேல் ஸ்தாயி தூக்கலா வரும். நான் அந்த அடாப்டரை மாட்டி கழட்டி மாட்டி கழட்டி கேட்டிருக்கேன், புல்லாங்குழல்ல காத்து சீறுற சத்தம் முன்னால வந்து பின்னால போகும். ஒரு ரெசிஸ்டர் இவ்வளவு பண்ணும்னா அவுட்புட் இம்பீடன்ஸ் ஜாஸ்தியா இருக்கற ஆம்பும் அதையேதான் பண்ணும்.

—

மெதுவா_கேளு:

ஆமாங்க, அது உண்மை, நான் அதை விட்டுட்டேன். என் ஆம்பும் டாங்கிளும் ரெண்டுமே ஒரு ஓமுக்குள்ள இருக்கற ரகம், அதனாலதான் எனக்கு வித்தியாசம் தெரியல. பழைய லேப்டாப், சில ட்யூப் ஆம்ப் இதுலல்லாம் அவுட்புட் இம்பீடன்ஸ் ஜாஸ்தி இருக்கும், அங்க நீங்க சொல்றது நிச்சயம் கேக்கும். சின்ன டாங்கிள் பெரும்பாலும் இந்த விஷயத்துல நல்ல பிள்ளைதான்.

—

தம்புரா_ரசிகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல. வயர் அக்கா சொன்ன சோதனையை பண்ணிட்டேன். விரலால லேசா அழுத்தினதும் தொப்பி வந்துடுச்சு! அப்படியே "தொம்"னு வந்து நின்னுச்சு, கையை எடுத்தா போயிடுது, அழுத்தினா வருது. நாலஞ்சு தடவை அதையே பண்ணிட்டு இருந்தேன், தம்புராவும் சேர்ந்து வந்துச்சு.

அப்புறம் பேடை கழட்டி பாத்தேன். நுரை நடுவுல தேஞ்சு அப்பளம் மாதிரி மெல்லிசா ஆயிருக்கு, இடது பக்கம் ஓரத்துல கிழிஞ்சு ஒரு துண்டே இல்ல, விரல்ல எடுத்து தேய்ச்சா கருப்பா பொடியா உதிருது. பட்டையும் தளர்ந்து போச்சுன்னு நினைக்கிறேன், தலையை குனிஞ்சா ஹெட்ஃபோன் முன்னால சரியுது. கண்ணாடியும் போடுவேன், அதை கழட்டினா கொஞ்சம் பரவாயில்ல. தினமும் கையில பிடிச்ச சாமான், இவ்வளவு நாளா அதைப் பாக்காமயே இருந்திருக்கேன்.

புது நுரை பேட் போட்டா சரியாயிடுமா? அப்படியே பஸ்ல, ட்ரெயின்ல கேக்கறதுக்கு என்ன பண்ணலாம்னும் சொல்லுங்க. பிரயாணத்துலதான் நான் அதிகமா கேக்கறதே, அங்க வால்யூம் முழுசா போகுது. அதுக்காவது ஆம்ப் வேணுமா?

—

வயர்_பிரியை:

ரொம்ப சந்தோஷம்! பேட் மாத்துங்க, அதோட பாதி பிரச்சனை போயிடும். மாத்தும்போது ஒண்ணு கவனிங்க, அளவு சரியா இருந்தா மட்டும் பத்தாது, பழசு புதுசா இருந்தப்ப எவ்வளவு தடிமனோ அதே தடிமன்ல வாங்குங்க. ரொம்ப தடியா போட்டா டிரைவர் காதை விட்டு விலகி மறுபடி தொனி மாறும். பட்டை உலோகமா இருந்தா ரெண்டு கையாலயும் மெதுவா உள்பக்கமா வளைச்சு இறுக்கலாம், கொஞ்சம் வளைச்சு மாட்டிப் பாத்து மறுபடி கொஞ்சம் வளைங்க, ஒரே மூச்சுல வளைச்சா காது வலிக்கும். பிளாஸ்டிக்னா கை வைக்காதீங்க, உடைஞ்சுடும். அந்த பொடி டிரைவர் துணி மேல ஒட்டியிருந்தா மெல்லிய பிரஷ்ஷால தட்டி விடுங்க, வாயால ஊதாதீங்க, ஈரம் உள்ள போகும்.

பஸ் ட்ரெயினுக்கு ஆம்ப் வேணாம், கண்டிப்பா வேணாம். அங்க உங்களுக்கு சத்தம் பத்தாம இல்ல, வெளி இரைச்சல் ஜாஸ்தி. காது மேல உக்கார்ற நுரை ஹெட்ஃபோன் வெளிச் சத்தத்தை ஒண்ணுமே தடுக்காது. அதுலயும் பஸ் இன்ஜின் உறுமல் இருக்கே, அது தொப்பி இருக்கற அதே கீழ் ஸ்தாயியிலதான் இருக்கு, தொப்பியை முழுங்கிடும். நீங்க வால்யூமை ஏத்தி ஏத்தி அதோட போட்டி போடறீங்க. ஆம்ப் வாங்கினா போட்டியில காதுதான் தோக்கும்.

கணக்கு இதுதான். பாதுகாப்பா கேக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018ல ஒரு வரைமுறை போட்டாங்க. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 90 டெசிபல் வந்தா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். தினம் பஸ்ல ஒரு மணி நேரம் 90ல கேட்டா வியாழக்கிழமையோட முடிஞ்சு போச்சு. காது போனா தொப்பியும் இல்ல தம்புராவும் இல்ல, எந்த பேடும் போட்டு அதை மாத்த முடியாது, தயவு செஞ்சு இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

பிரயாணத்துக்கு காதுக்குள்ள நல்லா அடைச்சு உக்கார்ற இயர்போன் ஒண்ணு தனியா வச்சுக்கோங்க, சிலிக்கான் முனை சேரலைன்னா நுரை முனை போட்டுப் பாருங்க. வெளிச் சத்தம் குறைஞ்சா வால்யூம் தானா இறங்கும், உங்க டாங்கிளே தாராளமா போதும். ரோட்டுல நடக்கும்போது மட்டும் அதை மாட்டாதீங்க, பின்னால வர்ற வண்டி கேக்காது.

—

சால்டர்_கை:

இயர்போனுக்கு ஆம்ப் போட்டா என்ன ஆகும்னு என் கையால செஞ்சு பாத்திருக்கேன் தம்பி. சூ மோய்னு ஒருத்தர் போட்டுக் கொடுத்த டிசைன், சிமோய் ஆம்ப்னு சொல்லுவாங்க, ஒரு ஆப்-ஆம்ப் சிப்பு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, மின்ட் மிட்டாய் டப்பாவுக்குள்ள அடங்கிடும். சால்டரிங் கத்துக்கிட்ட புதுசுல நான் செஞ்ச முதல் உருப்படியான சாமான் அதுதான், டப்பா மூடியில ஜாக்குக்கு ஓட்டை போடும்போது தகரம் கிழிச்ச தழும்பு இன்னும் கட்டை விரல்ல இருக்கு. அந்த சர்க்யூட்ல கெயின், அதாவது உள்ள வர்ற சிக்னலை பெருக்கற அளவு, 11 மடங்கு. பெரிய ஹெட்ஃபோனுக்கு அருமையா பாடுச்சு. அதையே சென்சிட்டிவ்வான இயர்போனுக்கு சொருகினேன், பாட்டே போடாம "ஸ்ஸ்ஸ்"னு மழை பேயற மாதிரி ஒரு சீறல். வால்யூம் குமிழை ஒரு நூல் அளவு திருப்பினா இடது காதுல மட்டும் பாட்டு, இன்னும் ஒரு நூல் திருப்பினாத்தான் வலதும் சேருது, அதுக்குள்ள சத்தம் காதைப் பிளக்குது. குமிழோட ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் சமமா ஏறாது, எந்த சாதாரண குமிழும் அப்படித்தான். அப்புறம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துட்டு 3.3 கிலோ ஓம் போட்டு கெயினை 4க்கு இறக்கினேன், சீறலும் போச்சு, குமிழும் பாதி வரைக்கும் திருப்ப முடிஞ்சுது.

இதை ஏன் சொல்றேன்னா, பின்னால என்னிக்காவது ஆம்ப் வாங்கினா கெயின் மாத்தற ஸ்விட்ச் இருக்கான்னு முதல்ல பாருங்க, எவ்வளவு வாட்னு அப்புறம் பாத்துக்கலாம். போனையும் ஆம்பையும் ரப்பர் பேண்ட் போட்டு கட்டி பாக்கெட்ல வச்சுக்கிட்டு சுத்தறதும் பெரிய தொல்லை, ரெண்டுக்கும் சார்ஜ் போடணும், ஜாக் வளைஞ்சுட்டே இருக்கும், அந்தக் காலத்துல போன் வர்றதுக்கு முன்னாடியே ஆம்ப் வழியா "டிர்ர் டிக் டிக் டிர்ர்"னு கேக்கும். வீட்டுல ஒரு இடத்துல உக்காந்து கேக்கறதுக்குன்னா வச்சுக்கோங்க.

—

தம்புரா_ரசிகன்:

பேட் வந்துடுச்சு, நேத்து ராத்திரி மாட்டினேன். பட்டை உலோகம்தான், அக்கா சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மூணு தடவை வளைச்சேன். டாங்கிள் அதேதான், போன் அதேதான், வால்யூம் மட்டும் முன்னாடி இருந்த இடத்துல இருந்து ரெண்டு புள்ளி இறக்கி வச்சு, நான் அதிகமா கேக்கற ரெக்கார்டிங்ல தனி ஆவர்த்தனத்துக்கு நேரா போனேன். முதல் தொப்பி அடி விழுந்ததும் அப்படியே ஹெட்ஃபோனை கையால பிடிச்சுக்கிட்டேன். அடி விழறது மட்டும் இல்ல, அடிச்ச கையை தொப்பியில அழுத்தி இழுக்கும்போது "கூம்"னு ஒரு கமகம் வளைஞ்சு ஏறுமே, அது முழுசா கேட்டுச்சு. அந்த ரெக்கார்டிங்ல அப்படி ஒரு கமகம் இருந்ததே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

பிரயாணத்துக்கு இயர்போன் பாத்துட்டு இருக்கேன், சென்சிட்டிவிட்டி மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கான்னு பாத்துதான் வாங்குவேன். ஆம்ப் இப்போதைக்கு வேணாம். மெதுவா சார், அந்த 60 ஹெர்ட்ஸ் டோன் சோதனையில மீட்டரோட ரெண்டு முனையையும் எங்க வைக்கணும், ஹெட்ஃபோன் சொருகியிருக்கும்போது ஜாக்கை எப்படி தொடறது?

—

மெதுவா_கேளு:

ஒண்ணை ரெண்டா பிரிக்கிற 3.5 எம்எம் ஒய் கேபிள் ஒண்ணு வாங்கிக்கோங்க. ஒரு கால்ல ஹெட்ஃபோன். இன்னொரு கால்ல வயர் இல்லாத வெறும் ஜாக் முனை ஒண்ணை சொருகி, அதோட பின்பக்கம் தெரியற கம்பியில மீட்டர் முனைகளை வைங்க, ஒரு முனை கிரவுண்டுக்கு, இன்னொண்ணு இடது பக்கத்துக்கு. மீட்டர் ஏசி வோல்ட்ல இருக்கணும், ரேஞ்சு இருக்கறதுலயே சின்னது. முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிடாம பாத்துக்கோங்க. டோன் ஓடும்போது ஹெட்ஃபோனை காதுல மாட்டாதீங்க, மேஜை மேல இருக்கட்டும்.